மலை உச்சியில் அரண்மனை கட்டினால் தண்ணீரை யார் சுமப்பது?

"அது கற்பனை நாடுதானே? அதுலயும் எதுக்கு சாதியைக் கொண்டு வர்றீங்க?"

கதை எழுதும் தம்பிகளும், காமிக்ஸ் வரையும் தங்கைகளும், கல்லூரியில் கேம் டிசைன் படிக்கும் பிள்ளைகளும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. இன்று நம் பிள்ளைகள் நிறையப் பேர் உலகங்களைக் கட்டுகிறார்கள். பெரும்பாலும் மலைமேல் ஒரு ராஜ்யம். சுற்றிலும் மேகம், கோட்டை, அருவி, ஏழு குலங்கள், ஒரு தீர்க்கதரிசனம், ஒரு தொலைந்துபோன இளவரசன். வரைபடம் இருக்கும், கொடி இருக்கும், படைக்கலங்களுக்குப் பெயர் இருக்கும். அந்த நாட்டில் மலம் அள்ளுவது யார், பிணம் எரிப்பது யார், நிலம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால்தான் மேலே சொன்ன பதில் வரும்.

கற்பனை நாட்டுக்குள் நாம் சாதியைக் கொண்டுவருவதில்லை தோழர்களே. நாம் போகும்முன்பே அது அங்கே அரியணை போட்டு உட்கார்ந்திருக்கிறது. நாம் செய்வதெல்லாம் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான்.

மகிழ்மதியின் பிரஜைகள்

தமிழிலும் தெலுங்கிலும் நம் காலத்தில் கட்டப்பட்ட மிகப் பெரிய கற்பனை மலைநாடு மகிழ்மதி. ராஜமௌலியின் 'பாகுபலி' முதல் பாகம் 2015 ஜூலை 10 அன்று வந்தது, இரண்டாம் பாகம் 2017 ஏப்ரலில். அரியணையின் உயரம் வரை திட்டமிட்டுக் கட்டிய நாடு அது. அதன் குடிகளை ஒரு சமூகவியல் மாணவரின் கண்ணோடு எண்ணிப் பாருங்கள்.

முதலில் அருவிக்குக் கீழே வாழும் மலைமக்கள். ஆற்றில் வந்த குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள். அவன் அருவியை ஏறிக் கடக்கிறான். நமக்குப் புல்லரிக்கிறது: கீழே இருப்பவன் மேலே ஏறுகிறான்! ஆனால் அவன் ஏற முடிந்ததற்குக் கதை சொல்லும் காரணம் என்ன? அவன் உடம்பில் ஓடுவது ராஜரத்தம். வளர்த்த தாய்க்குப் பிறந்த பிள்ளை ஒருத்தன் அந்த அருவியைத் தாண்டியிருந்தால் இந்தப் படமே இல்லை.

இரண்டாவது கட்டப்பா. முன்னோர் கொடுத்த வாக்குக்காகத் தலைமுறை தலைமுறையாக அரியணைக்கு அடிமை. நாட்டிலேயே சிறந்த வீரன், ஆனாலும் அடிமை. ஆயுத வியாபாரி ஒருவன் விடுதலை வாங்கித் தருகிறேன் என்று வந்தபோது அதை மறுப்பவனும் கட்டப்பாதான். நல்ல இளவரசன் அவரை "மாமா" என்று கூப்பிடுவான், கூட உட்கார்ந்து சாப்பிடுவான். விடுதலை மட்டும் தரமாட்டான். வாரிசு திரும்பி வந்ததும் அவன் காலை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறார் கட்டப்பா. அரங்கம் கைதட்டுகிறது. 2007இல் திரையில் பெரியாராக நின்ற நடிகர் சத்யராஜ்தான் அந்த வேடத்தில் இருந்தார். அவர் செய்தது நடிகரின் வேலை. அடிமைத்தனத்தை விசுவாசம் என்று நமக்கு விற்றது அந்த உலகத்தின் அமைப்பு. பிறப்பால் வரும் தொழில், விட்டுப் போக முடியாத தொழில், அதைப் பெருமை என்று நினைக்கப் பழக்கப்பட்ட மனசு: இந்த மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது காலகேயர். கருப்பு பூசிய உடல், புரியாத மொழி, கொள்ளை, கற்பழிப்பு. அவர்களுக்காக மதன் கார்க்கி 'கிளிக்கி' என்றொரு மொழியையே உருவாக்கினார். சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் என்று அப்போது செய்திகள் வந்தன. 2020இல் அதற்கு எழுத்துருவமும் வந்தது. உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மொழியையே உட்கார்ந்து உருவாக்க நேரம் இருந்தது. அந்த மொழி பேசுகிறவனுக்கு ஒரு தாய், ஒரு வயல், ஒரு துக்கம் கொடுக்க மட்டும் இடம் இல்லாமல் போனது. கருப்பாக இருப்பவன், நமக்குப் புரியாமல் பேசுபவன், எல்லைக்கு வெளியே இருப்பவன் எல்லாம் கொல்லப்பட வேண்டியவன் என்ற பாடத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாப்கார்னோடு சேர்த்து விழுங்கியது.

ஒரு சொல் உள்ளே வந்தது

இதெல்லாம் நாமாகப் படிக்கும் குறியீடு என்பவர்களுக்கு ஒரு நேரடிச் சான்று.

அதே ஜூலையில் தமிழ்ப் பதிப்பின் வசனத்தில் 'பகடை' என்ற சொல் வசைச்சொல்லாக வந்தது. பகடை என்பது தென்மாவட்டங்களில் அருந்ததியர் மக்களோடு ஒட்டிய பெயர். நெற்கட்டும்செவல் பூலித்தேவன் படையில் தளபதியாக இருந்த ஒண்டிவீரனின் பெயரோடு சேர்ந்து நிற்கும் பெயர். அதையே மற்றவர்கள் தெருவில் இழிவாகக் கூப்பிடவும் பயன்படுத்தினார்கள். இல்லாத ஒரு நாட்டின் இளவரசன், எந்த நூற்றாண்டு என்றே தெரியாத ஒரு காலத்தில் எதிரியைத் திட்ட வேண்டும். உலகத்தில் எத்தனை சொற்கள்! வாயில் வந்தது நம் தெருவின் பெயர்.

எதிர்ப்பு எழுந்தது. மதுரையில் ஒரு திரையரங்கின் மேல் பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. படம் பார்க்க வந்த சாதாரண மக்கள் இருக்கும் இடத்தில் குண்டு வீசுவதை நான் ஏற்கவில்லை. அதனால் நமக்கு நேர்ந்த நட்டத்தையும் சொல்ல வேண்டும்: மறுநாள் முதல் பேச்சு முழுக்க குண்டைப் பற்றியதானது, சொல்லைப் பற்றியதாக இல்லை. வசனம் எழுதிய மதன் கார்க்கி வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தம் உண்மையானது என்றே எடுத்துக்கொள்கிறேன். நம் தேனி மாவட்டம் வடுகபட்டியில் வேர் உள்ள குடும்பத்தில் வந்தவர், முனைவர் பட்டம் பெற்றவர். அவருக்கே அந்தச் சொல்லில் ஒரு மக்கள் கூட்டம் இருப்பது கண்ணில் படவில்லை என்றால், குறை ஒரு ஆளிடம் மட்டும் இல்லை. எழுதியவர் முதல் பேசியவர், பதிவு செய்தவர், தணிக்கை செய்தவர் வரை அத்தனை பேர் காதைத் தாண்டி அந்தச் சொல் திரைக்கு வந்திருக்கிறது. அந்த வரிசையில் "ஐயா, இது எங்க பேரு" என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லை. பிரச்சினை அதுதான்.

நிஜ மலைநாடு ஒன்று

மகிழ்மதிக்கு நீங்கள் திரையரங்கு போக வேண்டும். அல்லிநகரத்தில் மொட்டைமாடி ஏறி மேற்கே பார்த்தால் போதும், ஒரு நிஜ மலைநாடு தெரியும்.

அந்த மலைக்கு அப்பால் உள்ள மூணாறு ஒரு காலத்தில் பூஞ்சாறு அரச குடும்பத்தின் கையில் இருந்தது. மதுரையிலிருந்து மலை கடந்து போன பாண்டிய மரபு என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம். தொலைந்துபோன ராஜவம்சம், மேகம் மூடிய மலை, எல்லாம் உண்டு. உங்கள் கதைக்குக் கச்சிதமான களம். 1877இல் அந்த அரசர் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மலையில் காலகாலமாக இருந்த முதுவர்களைக் கேட்டு எழுதிய பத்திரம் இல்லை அது. பிறகு தேயிலை வந்தது. தேயிலையோடு கங்காணிகள் வந்தார்கள். கங்காணிகளின் பின்னால் நம் ஆட்கள் மலை ஏறினார்கள். பஞ்சமும் கடனும் விரட்டிய தென்மாவட்டத் தமிழர்கள், அவர்களில் பெரும்பகுதி தலித்துகள்.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ரயிலில் வந்தது. அங்கிருந்து நம் போடி பக்கம் கொட்டகுடிக்குக் கயிற்றுவழியில் இறங்கியது. அந்த ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. தேயிலைப் பெட்டிக்கு ரயிலும் கயிற்றுவழியும் இருந்த காலத்தில், அதைப் பறித்த கைகளுக்கு இருந்தது ஒற்றை அறை லயம். ராஜா போனார், துரை போனார், கம்பெனி வந்தது. லயம் அப்படியே இருந்தது.

இப்போது அந்த 2015க்கு வாருங்கள். ஜூலையில் மகிழ்மதி வெளியானது. செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள். நாள் கூலி 232 ரூபாய். போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது கம்பெனி. 20 சதவீதம் வேண்டும், 500 ரூபாய் கூலி வேண்டும் என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் கிட்டே வரவிடாமல் தாங்களே நடத்தினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில், போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் வாங்கினார்கள். கூலி பிறகு 301 ஆனது. கேட்ட 500 வரவில்லை.

அந்த ஆண்டு நம் தெருப் பிள்ளைகளிடம் கேட்டால் கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார் என்று பேசியிருப்பார்கள். பெம்பிளை ஒருமை பற்றி எத்தனை பேர் பேசினோம்? மலைநாட்டில் நடந்த நிஜப் புரட்சியில் வாள் இல்லை, இளவரசனும் இல்லை. தலையில் துண்டு கட்டிய அம்மாக்கள் இருந்தார்கள். அதனால்தான் நம் கண்ணுக்கு அது காவியமாகத் தெரியவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அவை. கற்பனை நாடுகளில் மலை சரிந்தால் அது டிராகனின் கோபமாக இருக்கும். இங்கே கேட்க வேண்டியது வேறு: சரிவின் கீழே வீடு கட்டிக் குடிவைக்கப்பட்டவர்கள் யார், பாதுகாப்பான மேட்டில் பங்களா கட்டிக்கொண்டவர்கள் யார்?

தண்ணீர் மேலே ஏறாது

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் ஒருநாள் பிள்ளைகளிடம் மலைமேல் ஒரு நாடு வரையச் சொன்னேன். எல்லாத் தாளிலும் உச்சியில் அரண்மனை, அடியில் படை. ஏழாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளை மட்டும் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அரமண உச்சியில இருக்குல்ல, தண்ணி தானா ஏறாதுல்ல, யாரு தூக்கிட்டுப் போவா?" அவள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது அவள் வேலை. பக்கத்தில் இருந்த பையன் உடனே அவன் தாளில் மலைச்சரிவில் நாலு குச்சி மனிதர்களைக் குடத்தோடு போட்டான். இன்னொருத்தன், "அவங்க வீடு எங்கடா?" என்றான். அரை மணி நேரத்தில் அந்தத் தாளில் ஒரு ஊர் வந்துவிட்டது, ஊருக்கு வெளியே ஒரு தெருவும் வந்துவிட்டது.

உலகம் கட்டும் கலையைப் பற்றி நான் படித்த எதையும்விட அந்தக் கேள்வி பெரியது. ஒரு நாட்டின் மர்மம் அதன் தீர்க்கதரிசனத்தில் இல்லை, தண்ணீர்ப் பாதையில் இருக்கிறது.

நம் பள்ளத்தாக்கே அதற்குச் சாட்சி. 1886இல் திருவிதாங்கூர் அரசு 999 ஆண்டுக்குக் குத்தகை எழுதியது. 1895இல் முல்லைப்பெரியாறு அணை திறந்தது. மேற்கே போன தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. எந்த மாயக்கதைக்கும் குறையாத அதிசயம். பென்னிகுயிக்கிற்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, இருக்கட்டும். மலேரியாவிலும் வெள்ளத்திலும் செத்த நூற்றுக்கணக்கான கூலிகளின் பெயர்களை நம் பிள்ளைகளில் யாராவது ஒப்பிக்க முடியுமா? அந்தத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இரண்டு போகம் விளைகிறது. அதில் நாற்று நடும் கைகள் யாருடையவை, பட்டாவில் இருக்கும் பெயர் யாருடையது என்று உங்கள் ஊரில் ஒரு கணக்கெடுத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறும் பெண்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்றும் பாருங்கள். உங்கள் கற்பனை நாட்டின் வரைபடம் அங்கே தயாராக இருக்கிறது.

கோட்டைச் சுவரையும் விட்டுவிட வேண்டாம். கதைகளில் சுவர் எதிரிப்படையைத் தடுக்கும். நம் மலைக்குக் கிழக்கே, மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் கட்டிய சுவர் சொந்த ஊர்க்காரர்களைத் தடுத்தது. 1989இல் எழுப்பிய சுவர், அதன் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை ஆனது.

"நல்ல ராஜா இருந்தால்?"

அடுத்து வரும் வாதம் இது. "எங்க நாட்டுல ராஜா நல்லவர், எல்லாரையும் சமமா நடத்துவார்." பறம்பு மலையின் பாரியைக் காட்டுவார்கள். முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தவன். சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' வந்த பிறகு அந்த மலைநாட்டின் மேல் நம் இளைஞர்களுக்கு இருக்கும் காதல் எனக்குப் புரிகிறது. மூவேந்தர்களின் பேராசைக்கு எதிராக நின்ற மலை என்பதால் எனக்கும் பிடிக்கும்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். கொடுக்கிறவன் நல்லவன் என்பது வேறு, கேட்க எனக்கு உரிமை உண்டு என்பது வேறு. நல்ல ராஜாவின் நாட்டில் நீதி அவன் ஆயுசு வரைதான் இருக்கும். அடுத்த ராஜா வந்தால் கட்டப்பாவின் கதைதான். நம் பாட்டன்களுக்கு நல்ல பண்ணையார்கள் கிடைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வேட்டி கொடுத்தார்கள், நிலம் கொடுக்கவில்லை. "அந்தக் காலத்தில் எல்லாரும் தாயா பிள்ளையா இருந்தோம்" என்று இன்றும் சொல்கிறவர்கள் அந்த வேட்டியைத்தான் நினைத்துச் சொல்கிறார்கள்.

நமக்கு முன்னால் கட்டியவர்கள்

இவ்வளவும் சொன்னதால் கற்பனையே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில தோழர்கள் அப்படிச் சொல்கிறார்கள்: பசிக்கிற வயிற்றுக்கு டிராகன் எதற்கு, ஆவணப்படம் எடு, வழக்குப் போடு என்று. அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இல்லாத நாட்டைக் கட்டுவது நம் இயக்கத்தின் மிகப் பழைய வேலை.

காசியில் தோல் வேலை செய்த குடும்பத்தில் பிறந்த ரவிதாஸ், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே 'பேகம்புரா' என்றொரு துயரமில்லாத ஊரைக் கட்டினார். வரி கிடையாது, இரண்டாந்தரக் குடிகளும் கிடையாது. அதில் ராஜகுமாரன் தேவைப்படவில்லை. 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' எழுதினார். வாமனன் மண்ணுக்குள் அழுத்திய பலி ராஜாவை உழவர்களின் அரசனாக நிமிர்த்தி, வென்றவன் சொன்ன கதையைத் தோற்றவன் பக்கமிருந்து திருப்பிப் போட்டார். அந்தப் புத்தகத்தை அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தவர்களுக்குக் காணிக்கையாக்கினார். மலைக்கு அந்தப் பக்கம் ஓணத்துக்குப் பூக்கோலம் போடுவதும் அதே பலிக்குத்தான். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், பறையர் என்று ஒதுக்கப்பட்டவர்களைப் பூர்வ பௌத்தர்களாக வைத்து இந்த நாட்டின் கதையை 'இந்திரர் தேச சரித்திரம்' என்று மறுபடியும் எழுதினார்.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் தன் லட்சிய சமூகம் எது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பதில் சொன்னார். அதைவிடப் பெரிய உலகக் கட்டுமானம் எது? லாகூரில் கூப்பிட்டவர்களே அந்தக் கூட்டத்தை ரத்து செய்தார்கள். அவர் சொந்தச் செலவில் அச்சிட்டார். நாம் கட்டும் உலகத்துக்கு மேடை கிடைக்காது என்பதும் புதிதில்லை.

கடல் கடந்தும் இது நடக்கிறது. கறுப்பின எழுத்தாளர் என்.கே. ஜெமிசின் ஒரு மாயநிலத்தைக் கட்டினார். நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றல் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. ஊரைக் காப்பது அவர்கள்தான், ஊர் அருவருத்து அடிமையாக வைத்திருப்பதும் அவர்களைத்தான். சாக்கடைக்குள் இறங்கி நகரத்தைக் காப்பாற்றுகிறவரின் பிள்ளைக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அந்த மூன்று நாவல்களுக்கும் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு ஹியூகோ விருது கிடைத்தது. சாதியின், இனத்தின் அனுபவம் கற்பனையைச் சிறிதாக்கும் என்பவர்களுக்கு அதுவே பதில்.

கட்டுங்கள், ஆனால் கேட்டுக் கட்டுங்கள்

அடுத்த முறை ஒரு மலைநாட்டை வரைய உட்காரும்போது, கொடிக்கு வண்ணம் யோசிக்கும் முன் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்:

1. நிலமும் காடும் யார் பேரில்? அவர்களுக்கு அது எப்படி வந்தது, வாங்கியா, பிடுங்கியா?
2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சுமக்கிறார்கள், யார் முதலில் குடிக்கிறார்கள்?
3. கழிவை அள்ளுவது யார்? செத்தவர்களைப் புதைப்பது யார்? அந்தப் பாதை யார் வீட்டு வழியாகப் போக முடியாது?
4. யார் யாரைக் கல்யாணம் செய்யலாம்? மீறினால் என்ன நடக்கும்?
5. உங்கள் நாட்டில் வசைச்சொற்கள் என்ன? அவை யாருடைய பெயர்கள்?
6. அரக்கர்கள், காட்டுவாசிகள் என்று யாரையாவது வைத்திருந்தால், அவர்கள் தங்களை என்ன பேர் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள்? அவர்கள் தாலாட்டு எப்படி இருக்கும்?
7. நாயகனின் ரத்தத்தில் ரகசியம் எதுவும் இல்லாமல் உங்கள் கதை நிற்குமா?

கடைசிக் கேள்வியில் பெரும்பாலான ராஜ்யங்கள் இடிந்து விழும். விழட்டும். வாரிசு இல்லாத இடத்திலிருந்து புதிய கதை தொடங்கும்.

சாதி இருக்கும் உலகத்தைக் கட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டுங்கள். ஆனால் அதை இயற்கை மாதிரி, மலையும் மழையும் மாதிரி காட்டாதீர்கள். யாரோ போட்ட ஏற்பாடு, யாரோ லாபம் அடையும் ஏற்பாடு, யாராலோ உடைக்கப்படக் கூடிய ஏற்பாடு என்று காட்டுங்கள். சாதியே இல்லாத உலகத்தையும் கட்டுங்கள். ஆனால் அது எப்படி ஒழிந்தது, யார் ஒழித்தார்கள், ஒழிக்க என்ன விலை கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். "எங்க நாட்டுல அதெல்லாம் இல்ல" என்று ஒரு வரியில் தாண்டிப் போவது, நிஜ நாட்டில் அதிகாரிகள் நமக்குச் சொல்லும் அதே பதில்தான்.

அல்லிநகரம் ஏற்கெனவே தமிழ் சினிமாவுக்கு ஒரு உலகத்தைக் கொடுத்த ஊர். 1977இல் 'பதினாறு வயதினிலே' எடுத்து ஸ்டுடியோ செட்டுக்குள் கிடந்த கிராமத்தை வயலுக்கு இழுத்துவந்த பாரதிராஜா இந்த மண்ணில் பிறந்தவர். அடுத்த உலகம் இந்த ஊரின் காலனித் தெருக்களிலிருந்து வர வேண்டும். பெம்பிளை ஒருமையின் அம்மாக்கள் காவியத் தலைவிகளாக நிற்கும் மலைநாடு ஒன்று. அதில் கட்டப்பா முதல் காட்சியிலேயே தன் தலைமேல் இருக்கும் காலைத் தட்டிவிட்டு எழுந்து நிற்க வேண்டும். அந்தக் கதையை எழுதும் தம்பிக்கோ தங்கைக்கோ நாங்கள் காத்திருக்கிறோம். எழுதியதைக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.

ஜெய்பீம்.